தோட்டத்தில் கிடக்கும் பழைய செயின்சோவை அவசரத்துக்குத் தயாராக வைப்பது எப்படி?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது அவர்களுடைய டிவிசனுக்கு வரும் ஒரே ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. வாகனம் வர வழியில்லை. கோடாரியும் கவ்வாத்துக் கத்தியும் வைத்துக்கொண்டுதான் வெட்டி விலக்கினார்கள். இப்போது தோட்டத்துப் பழைய சாமான் அறையில் இரண்டு செயின்சோ கிடப்பது தெரியவந்திருக்கிறது: ஸ்டீல் கம்பெனியின் 070 ஒன்று, ஹஸ்க்வர்னா கம்பெனியின் 61 ஒன்று. பல வருடமாக ஓடாதவை. துரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இவற்றைத் திருத்தி, அடுத்த மழைக்கு இளைஞர்கள் கையில் தயாராக வைத்துக்கொள்ள முடியுமா என்பது கேள்வி.

முடியும் தம்பி. இரண்டையும் ஓட வைக்கலாம். ஆனால் அவசரத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டியது ஹஸ்க்வர்னாவை மட்டும்தான். 070ஐ ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவசர நேரத்தில் செயின்சோ கைவிட்டால் எல்லோரும் "மெசின் பழசு" என்றுதான் சொல்வார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பழசு காரணமாக இருப்பது குறைவு. போன வருடத்துப் பெற்றோல் டேங்கிலேயே கிடந்து பிசினாகிக் கார்பரேட்டரை அடைத்திருக்கும். செயின் மழுங்கியிருக்கும். எண்ணெய்த் துவாரத்தில் மரத்தூள் இறுகியிருக்கும். மாதம் ஒரு தரம் ஓடி, மரத்தைக் கடித்து, துடைத்து வைக்கப்படும் முப்பது வருடத்து மெசினை, பெட்டி பிரிக்காமல் இரண்டு வருடம் கிடந்த புது மெசினைவிட நான் நம்புவேன். அதனால் திருத்தும் வேலைக்கு ஒரு பங்கு கவனம் கொடுத்தால், திருத்திய பிறகு வைத்திருக்கும் முறைக்கு இரண்டு பங்கு கொடுங்கள்.

ஒரு சாமானும் வாங்குவதற்கு முன்னால் பிஸ்டனைப் பாருங்கள். பல வருடம் கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் கயிறு பிடித்து இழுக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் டூ-டீ ஓயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலில் கலக்கும் எண்ணெய்) விட்டு, ஒரு நாள் வைத்துவிட்டு, பிறகு மெதுவாக இழுத்துச் சுழல விடுங்கள். அப்புறம் சைலன்சரைக் கழற்றுங்கள். புகை வெளியேறும் வாசல் வழியாக டோர்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கச் சுவர் தெரியும். மழமழவென்று இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள், அலுமினியம் உருகி இழுபட்ட தடங்கள் தெரிந்தால் ஒருமுறை எண்ணெய் போதாமலோ காற்று அதிகமாகியோ அது இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் சிலிண்டரும் பிஸ்டனும் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டு இன்னொரு சோதனை. சுவிட்சை அணைத்து, மெசினை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் பிடித்துத் தூக்குங்கள். நல்ல எஞ்சின் தன் எடையிலேயே விட்டு விட்டு, தயங்கித் தயங்கிக் கீழே இறங்கும். ஒரே இழுப்பாகச் சரசரவென்று இறங்கினால் கம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் பலம், போய்விட்டது. அளக்கிற கருவி உள்ள கராஜ் பக்கத்தில் இருந்தால் 120 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டினால் சந்தோசம். 90க்குக் கீழே என்றால் சூடான பிறகு ஸ்டார்ட் ஆவது பெரும் பாடாகிவிடும்.

இந்த இரண்டு சோதனையிலும் தேறினால் மீதி எல்லாம் ரப்பர் வேலைதான். பெற்றோல் குழாய், டேங்குக்குள் கிடக்கும் பில்டர், கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுகள், எஞ்சினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர்க் கழுத்து. இவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள், தெரியாவிட்டாலும் மாற்றுங்கள், விலை குறைவுதான். கார்பரேட்டரைத் திறந்து சவ்வை விரலில் எடுத்து அசைத்தால் சத்தம் போடாமல் துணி மாதிரி மடிய வேண்டும். விறைத்துப்போய் மொடமொடக்கிறது என்றால் அது பெற்றோலை இழுக்காது. கார்பரேட்டரின் மேல் வால்ப்ரோ, டில்லொட்ஸன் என்று கம்பெனிப் பெயரும் நம்பரும் பதித்திருக்கும். அந்த நம்பரைச் சொல்லித்தான் சவ்வு செட் கேட்க வேண்டும். ஹட்டனிலும் கண்டியிலும் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் யாராவது போகும்போது சொல்லிவிடுங்கள். பழையதைக் கையோடு கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது.

உள்ளே இருக்கும் சின்னச் சல்லடையை மறக்காமல் கழுவுங்கள், பாதி அடைப்பு அங்கேதான் இருக்கும். துவாரங்களுக்குள் கம்பி விடாதீர்கள். அந்தத் துவாரத்தின் அளவுதான் கார்பரேட்டரின் உயிர். சவ்வும் கேஸ்கட்டும் எந்த வரிசையில் வந்தன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெருப்புப் பொறி விசயம் லேசானது. புது பிளக் போட்டு இடைவெளியை 0.5 மில்லிமீற்றரில் வையுங்கள். ஹஸ்க்வர்னா 61 எலெக்ட்ரோனிக் என்பதால் அதில் பெரிதாகத் தொந்தரவு வராது. பழைய 070களில் சுழல்சக்கரத்துக்குப் பின்னால், திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் பிளாட்டினம் பொயின்ட் இருக்கும். நம்முடைய ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் பாசி மாதிரி படிந்துவிடும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பெற்றோலில் நனைத்த வெள்ளைத் தாளால் துடைத்தால் பல மெசின்களில் அதோடு பொறி வந்துவிடும்.

இனி உயரத்தைப் பற்றி. மலையகத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இதைப் பெரும்பாலான மெக்கானிக்மார் சொல்வதில்லை. மேலே போகப் போகக் காற்று மெலியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே ஒரே அளவு காற்றில் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு எடை குறைவு. ஹட்டன் 1270 மீற்றர் அளவு. அங்கே எட்டில் ஒரு பங்கு குறையும். கொழும்பில் டியூன் செய்த மெசினை அப்படியே நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் போகும். புகை தள்ளும், பிளக் கறுக்கும், இழுவை இருக்காது. எரிச்சலாக இருக்குமே தவிர எஞ்சினுக்கு ஆபத்தில்லை. ஆபத்து மறுபக்கம். நுவரெலியாவில் திருகிச் சரியாக்கிய மெசினை இரத்தினபுரிக்கோ கினிகத்தேனைக்குக் கீழேயோ உதவிக்கு எடுத்துப் போனால் காற்று கூடிவிடும், பெற்றோல் அதற்குப் போதாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் வருவது பெற்றோலோடுதான். பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். சத்தம் கூர்மையாக, வழக்கத்தைவிட வேகமாக ஓடும். கேட்பவருக்கு நல்ல மெசின் மாதிரித் தோன்றும். கொஞ்ச நேரத்தில் இறுகி நின்றுவிடும்.

கார்பரேட்டரில் திருகிகள் மூன்று. மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் விட ஒன்று, முழு வேகத்துக்குப் பெற்றோல் விட ஒன்று, அக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் ஐடில் வேகத்துக்கு ஒன்று. முதல் இரண்டையும் மெதுவாக முழுவதும் உள்ளே திருகி, தட்டியதும் நிறுத்தி, ஒவ்வொரு சுற்று வெளியே எடுத்தால் ஸ்டார்ட் ஆகிற நிலை கிடைக்கும். எஞ்சின் சூடான பிறகு முழு வேகத்தில் ஒரு நொடி பிடித்துக் கேளுங்கள். சத்தத்தில் லேசான ஒரு தடுமாற்றம், உறுமலுக்கு நடுவில் ஒரு கரகரப்பு இருக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சத்தம் தெளியும். அதுதான் சரியான இடம். மரத்தில் வைக்காதபோதே சத்தம் தெளிவாக இருந்தால் பெற்றோல் போதவில்லை. முழு வேகத் திருகியைக் கொஞ்சம் வெளியே திருகுங்கள். அவசரத்துக்கு வைக்கும் மெசின் எந்த உயரத்துக்கும் போகலாம் என்பதால் பெற்றோல் சற்றுக் கூடுதலான பக்கமே விட்டு வையுங்கள். கொஞ்சம் புகைத்தாலும் பரவாயில்லை. அக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தானாக ஏறுகிறது என்றால் எங்கேயோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ரப்பர்க் கழுத்தையும் கிராங்க் சீல்களையும் மாற்றும் வரை அந்த மெசினால் ஒரு வெட்டும் வேண்டாம். ஐடிலில் செயின் சுழலவே கூடாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது செயின். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் செயின் மழுங்கியிருந்தால் மரம் புகையும், கை வலிக்கும், வேலை நடக்காது. இன்றைக்கு நாம் போடும் செயினின் வடிவம் அமெரிக்காவில் ஜோசப் கொக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி 1947இல் கொண்டுவந்த செயினிலிருந்து வந்தது. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு, நார் ஓடும் திசையிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி அரித்துக்கொண்டு போவதைப் பார்த்து அதன் தாடையைப் போலவே பல்லை வளைத்தார். அதனால்தான் ஒவ்வொரு பல்லும் இடமும் வலமும் மாறி மாறி வளைந்திருக்கிறது, அதனால்தான் அதைத் தட்டை அரத்தால் தீட்ட முடியாது, உருண்டை அரம் வேண்டும்.

அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது. அடுத்தடுத்த மூன்று ஆணிகளில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தை இரண்டால் வகுத்தால் செயினின் அளவு வரும். உங்கள் 61இல் வழக்கமாக இருப்பது 3/8 அங்குலம். அதற்கு 5.5 மில்லிமீற்றர் அரம். பல் பாதி தேய்ந்த பிறகு 5.2 எடுத்துக்கொள்ளலாம். சின்ன மெசின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர். சாய்வு 30 பாகை, பல்லின் மேலேயே அந்தக் கோடு போட்டிருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அழுத்தம். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருந்தால் வெட்டு வளைந்து போய், செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பார் சிக்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லின் நுனியைவிட அது 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். பல தரம் தீட்டிய பிறகும் மேட்டைத் தொடாமல் விட்டால், பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மாவு மாதிரித் தூள்தான் வரும். அவசரப்பட்டு அதிகம் அராவினால் செயின் மரத்தைப் பிடித்து இழுத்து மெசினைத் தூக்கி எறியும். அதற்கென்று ஒரு தகட்டு அளவுகோல் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணளவில் செய்யாதீர்கள். சரியாகத் தீட்டியதற்கு அடையாளம், தூளுக்குப் பதில் சிம்பு சிம்பாக வந்து விழும்.

புயலுக்குப் பிறகு வெட்டும் மரம் விறகுக்கு வெட்டும் மரம் மாதிரி இருக்காது. மண்ணிலும் சேற்றிலும் புரண்டு கிடக்கும். கிரவிலியா, அல்பீசியா போன்றவை வெட்ட மென்மையானவைதான். யூக்கலிப்டஸ் கொஞ்சம் இறுக்கம். ஆனால் எந்த மரமானாலும் பட்டையில் ஒட்டிய சேற்று மணல் ஒரே வெட்டில் செயினைக் கொன்றுவிடும். அதனால் வெட்டும் இடத்தில் பட்டையைக் கத்தியால் செதுக்கி எடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அடிப்பக்கம் நிலத்தைத் தொடும் மட்டும் வெட்டாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து உருட்டிவிட்டு மேலிருந்து முடியுங்கள். தீட்டிய செயின் குறைந்தது மூன்று கையில் இருக்க வேண்டும். மழையில், இருட்டில், ரோட்டோரத்தில் உட்கார்ந்து யாரும் ஒழுங்காகத் தீட்ட முடியாது. கழற்றி மாட்டுவதுதான் நடக்கும்.

செயினுக்கு ஊற்றும் எண்ணெய் விசயத்தில் இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும். ஒன்று, லொறியில் இருந்து இறக்கிய கறுப்பு எண்ணெய். அதில் இரும்புத் தூள் இருக்கும், பம்பை அரிக்கும். முகத்திலும் கையிலும் தெறிக்கும் அந்த எண்ணெயில் புற்றுநோய் வரவைக்கும் பொருள்களும் உண்டு. இரண்டாவது, அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது. கொழும்பில் அது ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவின் காலைக் குளிரில் போத்தலில் வெள்ளையாக இறுகிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோமே, அதேதான் மெசினின் எண்ணெய் டேங்கிலும் நடக்கும். செயினுக்கு ஒரு துளியும் போகாது, பார் நீலம் பாய்ந்து எரிந்துவிடும். செயினுக்கான எண்ணெய் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஓயில் ஊற்றுங்கள். எண்ணெய் போகிறதா என்று பார்க்க, முழு வேகத்தில் பாரின் நுனியை ஒரு காய்ந்த பலகைக்கு முன்னால் பிடியுங்கள். பலகையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றித் துவாரத்தையும் பள்ளத்தையும் சுரண்டுங்கள். ஒவ்வொரு முறை செயின் மாற்றும்போதும் பாரையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

பெற்றோல் கலவை. காற்றால் குளிரும் எஞ்சினுக்கான நல்ல டூ ஸ்ட்ரோக் ஓயில், போத்தலில் ஜாஸோ எஃப்டி என்று தரம் போட்டிருந்தால், பழைய மெசினுக்கு லீற்றருக்கு 25 மில்லிலீற்றர். பழைய டூ ஸ்ட்ரோக் த்ரீவீலருக்கு ஊற்றிய சாதாரண டூ-டீதான் கிடைக்கிறது என்றால் 40 மில்லிலீற்றர். மருந்துக் குப்பி மூடியாலோ ஊசியாலோ அளந்து ஊற்றுங்கள், கைக்கணக்கு வேண்டாம். 92 ஒக்டேன் போதும். கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் நம்பாதீர்கள். கேனின் மேல் கலந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். மாதம் முடிந்ததும் மிச்சத்தைத் தோட்டத்தின் புல்லு வெட்டும் மெசினில் ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாகக் கலந்து வையுங்கள்.

"தேவைப்படும்போது பெற்றோல் செட்டில் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைக்க வேண்டாம். 2022இல் கேனில் பெற்றோல் கேட்டுத் திரும்பி வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புயல் நேரத்தில் ரோடும் இல்லை, கரண்டும் இல்லை, பம்பும் ஓடாது. கலவை ஐந்து லீற்றர் எப்போதும் இருக்கட்டும். ஆனால் லயத்துக் காம்பராவுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். வெளியே பூட்டிய தகரப் பெட்டி போதும். மெசினை உர அறையிலும் வைக்கக் கூடாது. உரத்தின் காற்று பட்டாலே அலுமினியமும் மக்னீசியமும் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரித்துவிடும். தோட்டங்களில் நல்ல மெசின்கள் பல இப்படித்தான் வீணாகின்றன.

இப்போது 070. அது 106 சிசி. பாரும் செயினும் சேர்த்தால் பத்து கிலோவைத் தாண்டும். வலிமையில் அதற்கு ஈடு இல்லை, பெரிய மரத்தைப் பலகை அறுக்க இன்றும் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அதில் செயின் பிரேக் இல்லை. பாரின் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெசின் கண் சிமிட்டும் நேரத்துக்குள் வெட்டுபவரின் முகத்தை நோக்கி எகிறும். அந்த வேகத்துக்கு எந்த ஆளும் கையால் தடுக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் ஸ்டீலும் ஹஸ்க்வர்னாவும் தங்கள் மெசின்களில் செயின் பிரேக் வைத்தது அதனால்தான். விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவில், வழுக்கும் சரிவில், களைத்துப்போன பையன்கள் கையில், பிரேக் இல்லாத பத்து கிலோ மெசின் வேண்டாம். திருத்தி வைத்துக்கொள்ளுங்கள், பழக்கப்பட்ட அறுப்புக்காரர் பலகை அறுக்கட்டும். அவசரப் பெட்டிக்குள் அது வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஹஸ்க்வர்னாவிலும் பிரேக் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்து, மெசினை ஒரு மரக்குற்றியின் மேல் ஒரு முழ உயரத்தில் பின்கைப்பிடியால் பிடித்து, நுனியைக் குற்றியில் விழ விடுங்கள். முன்னால் இருக்கும் கைக்காப்பு தானாகத் தட்டி விழ வேண்டும். விழாவிட்டால் பிரேக் பெட்டியைத் திறந்து தூளையும் கிரீஸையும் துடைத்து, பட்டி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அக்சிலேட்டர்ப் பூட்டு, அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, அதிர்வு ரப்பர்கள் இவையும் முழுதாக இருக்க வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி, காதுமூடி, பூட்ஸ் இல்லாமல் யாரும் தொட வேண்டாம். செயின் பட்டால் நாராகப் பிரிந்து சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் காற்சட்டை ஒன்று உண்டு. காசு சேர்ப்பதாக இருந்தால் இன்னொரு மெசினுக்கு முன்னால் அதற்குச் சேருங்கள்.

மெசின் தயார் என்பதற்காக எல்லா இடத்திலும் இறங்கக் கூடாது. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிற அளவு. தோட்ட ஆபீஸின் மழைமானியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த நேரத்தில் சரிவுக்குக் கீழே நின்று மரம் வெட்டுவதற்கு எந்த அவசரமும் சமமில்லை. சரிவு அசைகிறதோ என்று சந்தேகம் வந்தால் ஆட்களைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். மரத்தோடு கரண்ட் வயர் கிடந்தால் கரண்ட் இல்லாத நேரமானாலும் உயிர் உள்ள வயர் என்றே நினைத்து விலகி நில்லுங்கள். யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலே அதில் கரண்ட் வரும். மின்சார சபையின் 1987க்கு அறிவித்து, அவர்கள் துண்டித்த பிறகு வெட்டுங்கள்.

ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது, எந்தப் பக்கம் அமுங்கி நிற்கிறது என்று பார்ப்பதுதான் முழு வித்தை. இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் அமுங்கியிருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டுக் கீழிருந்து மேலே முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறு. எப்போதும் அமுங்கிய பக்கம் முதலில். மாற்றிச் செய்தால் பார் சிக்கும், அல்லது மரம் வெடித்து எகிறும். சரிவில் மேல்பக்கமே நில்லுங்கள். வேரோடு புரண்ட மரத்தை அடியில் வெட்டும்போது வேர்ப்பாத்தி திரும்ப நிமிர்ந்து குழிக்குள் விழும். அதன் பின்னால் ஒரு குழந்தையும் நிற்காமல் பார்க்க ஒருவரை வையுங்கள். சாய்ந்து, இன்னும் விழாமல் இன்னொரு மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பதை நீங்கள் தொடாதீர்கள். பழக்கப்பட்டவர்களே பயப்படும் வேலை அது. உங்கள் வேலை அம்புலன்ஸ் வருகிற அகலத்துக்கு ரோட்டைத் திறப்பது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடதாசி விசயத்தையும் மழைக்கு முன்பே முடித்து வையுங்கள். செயின்சோ வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019இல் அரசு அறிவித்தது. பழைய மெசின் தோட்டத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். இல்லாவிட்டால் துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பொலிஸில் விசாரித்துச் செய்துவிடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தெரிந்திருக்கட்டும். பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். விழுந்து ரோட்டை மறித்ததை விலக்கும்போதும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் கேள்வி வராது. விலக்கிய மரம் ரோட்டோரத்திலேயே கிடக்கட்டும். அதை ஏற்றிக்கொண்டு போனால் அது வேறு விவகாரம்.

பராமரிப்புக்கு நம்முடைய மழையே காலண்டர். பெப்ரவரி, மார்ச் மழையில்லாத மாதங்களில் முழுவதும் கழற்றி வேலை பார்த்துவிடுங்கள். மே மாதம் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தென்மேல் மழை பிடிக்கும் முன்னால் ஒரு பார்வை. ஒக்டோபரில், ஊவாப் பக்கமும் சேர்த்து எல்லோருக்கும் ஆபத்தான மாதங்கள் தொடங்கும் முன்னால் இன்னொரு பார்வை. இதற்கு நடுவில் மாதத்தின் முதல் ஞாயிறு, மெசினை ஸ்டார்ட் செய்து, ஒரு விறகுக் கட்டையை உண்மையாகவே ஐந்து நிமிடம் வெட்டுங்கள். வெறுமனே உறும விடுவது போதாது. எண்ணெய் போகிறதா, பிரேக் விழுகிறதா, செயின் சிம்பு தள்ளுகிறதா என்பதெல்லாம் வெட்டினால்தான் தெரியும். முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மீண்டும் ஸ்டார்ட் பண்ணி, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். கார்பரேட்டருக்குள் பெற்றோல் தங்காது. காற்று பில்டரைத் தட்டி, சிலிண்டரின் செதில்களுக்கு நடுவில் இருக்கும் தூளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறொருவர் கயிறு இழுக்கட்டும். ஒரே ஆளுக்குத்தான் அந்த மெசின் பணியும் என்ற நிலை வந்தால், அவர் கொழும்பில் வேலைக்குப் போயிருக்கும் வாரத்தில்தான் மரம் விழும்.

மெசினோடு ஒரே பெட்டியில் இருக்க வேண்டியவை: தீட்டிய செயின்கள், அரமும் அளவுகோலும், பிளக் ஒன்று, பிளக் சாவி, ஸ்டார்ட்டர் கயிறு, பெற்றோல் பில்டர், செயின் எண்ணெய், புனல், மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த ஆப்புகள் நாலைந்து, தலையில் கட்டும் டோர்ச், காயத்தை அழுத்திக் கட்டத் தடித்த பஞ்சும் துணியும். பார் சிக்கினால் எடுக்க ஒரு கோடாரியும் இருவர் இழுக்கும் வாளும் பக்கத்தில் இருக்கட்டும். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போகும். பெட்டிச் சாவி ஒன்று ஆபீஸில் இருக்கலாம். இன்னொன்று கட்டாயம் டிவிசனிலேயே, லயத்தில் குடியிருக்கும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ரோடு அடைபட்டால் ஆபீஸ் கிளாக்கரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்.